ஏமாந்தவர் தலையில் எழுதப்படும் கணக்கு

இணைய மோசடி பற்றிய செய்தி எந்த நாளிதழில் வந்தாலும் அதன் கடைசி வரி ஒன்றாகவே இருக்கிறது: பொதுமக்கள் விழிப்புடன் இருக்க வேண்டும் என்று போலீசார் எச்சரித்துள்ளனர். பணத்தைப் பறிகொடுத்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியராக இருக்கலாம், ஐ.டி. நிறுவனத்தில் வேலை பார்க்கும் பெண்ணாக இருக்கலாம், மகளின் கல்யாணத்துக்குப் பணம் சேர்த்துவைத்த மளிகைக் கடைக்காரராக இருக்கலாம். எச்சரிக்கை மாறுவதில்லை. அதை வாசிப்பவர்கள் வழங்கும் தீர்ப்பும் மாறுவதில்லை: “ஏமாறுறவன் இருக்கிற வரைக்கும் ஏமாத்துறவன் இருக்கத்தான் செய்வான்.”

இதே தீர்ப்பைக் கருத்தரங்குகளில் வேறு நடையில் சொல்கிறார்கள்: பாதுகாப்புச் சங்கிலியில் பலவீனமான கண்ணி மனிதன்தான். ஆகவே, சைபர் பாதுகாப்பு என்றால் மக்களைத் திருத்துவது. ஓடிபியைச் சொல்லாதே, லிங்க்கைத் தொடாதே, தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை எடுக்காதே. யாருக்காவது போன் போட்டால் மணி அடிப்பதற்கு முன்பே காலர் ட்யூனாக எச்சரிக்கைக் குரல் கேட்ட மாதங்கள் உண்டு. 2024 அக்டோபர் 27 அன்று ‘மனதின் குரல்’ உரையில் பிரதமரே, போலீஸ் வேடத்தில் வீடியோ அழைப்பில் மிரட்டிப் பணம் பறிக்கும் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ மோசடியைப் பற்றிப் பேசினார். நில்லுங்கள், யோசியுங்கள், பிறகு செயல்படுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

இந்த அறிவுரைகளில் பிழையில்லை. ஓடிபியை யாரிடமும் சொல்லக் கூடாது. பணம் போனால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். இவற்றை எல்லோரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஆனால், அறிவுரையே பாதுகாப்பு என்று நம்பவைக்கிறார்களே, அதைத்தான் நான் மறுக்கிறேன். உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவித்த கணக்கின்படி, இணைய மோசடிகளில் இந்தியர்கள் இழந்த தொகை 2023இல் ரூ.7,465 கோடி, 2024இல் ரூ.22,845 கோடி. பிரச்சாரம் பெருகிய அதே காலத்தில் இழப்பு மூன்று மடங்காகிவிட்டது. இதற்குப் பிறகும் ‘மக்களுக்கு விழிப்புணர்வு போதவில்லை’ என்று சொல்பவர்கள் கேள்வியைத் தவறான ஆளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பெரிய கொள்ளைகளில் ஓடிபி ஏது?

‘மனிதன்தான் பலவீனமான கண்ணி’ என்பவர்கள் கடந்த பத்தாண்டுகளின் பெரிய சம்பவங்களைப் பார்க்கட்டும். 2018 பிப்ரவரியில் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியின் கணினிக்குள் நுழைந்தவர்கள், வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் ‘ஸ்விஃப்ட்’ வழியாக துபாய், துருக்கி, சீனா ஆகிய மூன்று இடங்களுக்கு சுமார் 20 லட்சம் டாலரை அனுப்ப முயன்றார்கள். பணம் போனதற்கான ஒப்புகைத் தகவலை அச்சிடும் பிரிண்டரை முதலில் முடக்கிவைத்தார்கள். அதனால் வங்கிக்கு உடனடியாகத் தெரியவில்லை. இந்த பிரிண்டர் தந்திரம் அன்றைக்குப் புதிதும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2016 பிப்ரவரியில், பங்களாதேஷ் மத்திய வங்கியிலிருந்து 8.1 கோடி டாலர் களவு போனபோதும் இப்படித்தான் பிரிண்டர் முடக்கப்பட்டது. உலகமே பேசிய சம்பவம் அது.

2018 ஆகஸ்டில் புனேயின் காஸ்மாஸ் வங்கியில் நடந்ததும் இதே வகை. வங்கியின் ஏடிஎம் கட்டமைப்புக்குள் தீநிரலைப் புகுத்தி, போலி அட்டைகளைக் கொண்டு 28 நாடுகளின் ஏடிஎம்களில் சில மணி நேரத்தில் பணத்தை உருவினார்கள். ஸ்விஃப்ட் வழியாகப் போனதையும் சேர்த்து மொத்த இழப்பு சுமார் ரூ.94 கோடி. எந்த வாடிக்கையாளரும் யாரிடமும் ஓடிபி சொல்லவில்லை.

2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் முடங்கின. நோயாளிகள் பதிவு முதல் பரிசோதனை முடிவுகள் வரை இரண்டு வாரத்துக்கு எல்லாமே கையால் எழுதப்பட்டன. ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன என்றும், வலையமைப்பு முறையாகப் பிரித்துவைக்கப்படாததே ஊடுருவலுக்கு வழிவிட்டது என்றும் மத்திய அரசு மாநிலங்களவையில் சொன்னது. 2024இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் டெலிகிராம் பாட் வழியாகப் பரவின. தன்னிடம் 3 கோடிக்கும் மேற்பட்டவர்களின் தரவு இருப்பதாக அதை வெளியிட்டவர் உரிமை கொண்டாடினார். மருத்துவச் சீட்டு, பரிசோதனை அறிக்கை, வீட்டு முகவரி எல்லாம் அதில் இருந்தன. காப்பீடு எடுத்தவர் எவ்வளவு விழிப்பாக இருந்திருந்தால் இதைத் தடுத்திருக்க முடியும்?

நிறுவனங்களின் இழப்பு ‘அதிநவீனத் தாக்குதல்’ என்றும் ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்றும் அறிக்கையில் இடம்பெறுகிறது. தனிமனிதரின் இழப்பு ‘கவனக்குறைவு’ என்று பதிவாகிறது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். பழியைக் கீழே தள்ளும் இந்தப் பழக்கம் உலகெங்கும் உண்டு. 2017இல் அமெரிக்காவின் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்திடமிருந்து 14.7 கோடிப் பேரின் விவரங்கள் திருடப்பட்டன. ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் மாதமே வந்துவிட்டது. அதைப் பொருத்தாமல் விட்டார்கள். ஊடுருவலைக் கண்டுபிடிக்க வேண்டிய கருவி, அதன் சான்றிதழ் காலாவதியானதால் பல மாதங்களாகக் குருடாக இருந்தது. ஆனால், அந்த நிறுவனத்தின் முன்னாள் தலைவர் நாடாளுமன்றக் குழுவின் முன் வந்து, தகவலை உரியவர்களுக்குச் சொல்லத் தவறிய ஒரே ஓர் ஊழியரைச் சுட்டிக்காட்டினார். ஓர் ஆள் மறந்தால் ஒரு தேசத்தில் பாதிப் பேரின் விவரம் வெளியே போகும் என்றால், அது அந்த ஆளின் பலவீனமா, அப்படியொரு அமைப்பைக் கட்டியவர்களின் பலவீனமா?

ஓர் அழைப்பு கடந்துவரும் பாதை

“அவையெல்லாம் நிறுவனங்கள்மீது நடந்த தாக்குதல். சாமானியர் பணத்தை இழப்பது அவராகவே அனுப்புவதால்தானே?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆகவே, டிஜிட்டல் அரெஸ்ட் எப்படி நடக்கிறது என்பதையே எடுத்துக்கொள்வோம்.

சென்னையிலோ மதுரையிலோ தனியாக இருக்கும் ஒரு முதியவருக்கு அழைப்பு வருகிறது. பேசுபவருக்கு அவர் பெயர் தெரியும், முகவரி தெரியும், ஆதாரின் கடைசி நான்கு எண்கள் தெரியும். “உங்கள் ஆதாரில் வாங்கிய சிம்மிலிருந்து குற்றம் நடந்திருக்கிறது” என்கிறார். அடுத்து வாட்ஸ்அப் வீடியோ அழைப்பு. எதிரே போலீஸ் உடுப்பு, சுவரில் சிபிஐ சின்னம், நீதிமன்ற முத்திரையுடன் கைது ஆணை. அறையைவிட்டு வெளியே போகக் கூடாது, பிள்ளைகளிடம்கூடப் பேசக் கூடாது, சொன்னால் அவர்களும் உள்ளே போவார்கள் என்று மிரட்டல். மறுநாள் அவர் வங்கிக் கிளைக்குப் போய் ஃபிக்சட் டெபாசிட்டை உடைக்கிறார்; ஆர்டிஜிஎஸ் படிவத்தை நிரப்பி, வாழ்நாளில் ஒருமுறைகூடப் பணம் அனுப்பியிராத ஒரு கணக்குக்கு மொத்தச் சேமிப்பையும் அனுப்புகிறார். கவுன்டரில் படிவத்துக்கு முத்திரை விழுகிறது. அந்தப் பணம் சில நிமிடங்களில் பத்து இருபது கணக்குகளுக்குப் பிரிந்து போய்விடுகிறது.

இதில் அந்த முதியவரின் தவறு என்று சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று: பயந்துவிட்டார். மற்றவற்றைப் பாருங்கள். அவருடைய விவரங்கள் ஏதோ ஒரு நிறுவனத்தின் அல்லது அரசுத் துறையின் அஜாக்கிரதையால் வெளியே போனவை. பணம் போய்ச் சேர்ந்தது ‘மியூல் அக்கவுண்ட்’ எனப்படும் வாடகைக் கணக்கு; கூலித் தொழிலாளியிடமோ கல்லூரி மாணவரிடமோ கமிஷன் கொடுத்து வாங்கியது. அதை கேஒய்சி சரிபார்த்துத் திறந்தது ஒரு வங்கி. சில ஆயிரங்கள் மட்டுமே புழங்கிய கணக்கில் ஒரே நாளில் லட்சங்கள் வந்து, வந்த வேகத்தில் வெளியேறுவதைப் பார்த்தும் அசையாதது அந்த வங்கியின் கணினி. நாற்பது ஆண்டு வாடிக்கையாளர் ஒருவர் திடீரென்று மொத்தச் சேமிப்பையும் முன்பின் தெரியாத கணக்குக்கு அனுப்புவதைப் பார்த்தும் ஒரு கேள்வி கேட்காதது இன்னொரு வங்கி. இத்தனை இடங்களிலும் சம்பளம் வாங்கும் அதிகாரிகள், கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய மென்பொருள்கள், ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகள் எல்லாம் இருக்கின்றன. பயிற்சியும் கருவியும் இல்லாத ஒரே ஆள் அந்த முதியவர்தான். அவரைத்தான் ‘பலவீனமான கண்ணி’ என்கிறோம்.

எதிர்ப்பக்கம் இருப்பது தெருமுனைத் திருடனும் இல்லை. கம்போடியா, லாவோஸ், மியான்மர் எல்லைகளில் சுவர் எழுப்பி, ஆட்களைக் கடத்திவைத்து, ஷிஃப்ட் போட்டு இந்த மோசடியை நடத்துகிறார்கள். வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்களும் மியான்மரின் மியாவாடி பகுதியில் அடைபட்டு, 2022இல் மீட்டுக் கொண்டுவரப்பட்டார்கள். எழுதிவைத்த வசனத்தைப் படித்து மிரட்டும் ஒரு தொழிற்சாலையை எதிர்த்துத் தனி ஆளாகச் சமாளிக்க வேண்டியது ஒரு பென்ஷன்தாரரின் பொறுப்பு என்று சொல்வதற்கு நமக்கு மனம் வரலாமா?

அமைப்பைத் திருத்தினால் என்ன நடக்கும் என்பதற்கும் நம்மிடமே சான்று இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பு நம் திரையில் இந்திய எண்ணாகத் தெரியும்படி வந்துகொண்டிருந்தது. அதைக் கண்டு தடுக்கும் ஏற்பாட்டைத் தொலைத்தொடர்புத் துறை 2024 அக்டோபரில் தொடங்கியது. முதல் 24 மணி நேரத்தில் மட்டும் தடுக்கப்பட்ட அழைப்புகள் 1.35 கோடி. அதற்கு முந்தைய நாள்வரை அத்தனை அழைப்புகளையும் ‘எடுக்காதே’ என்று மக்களிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். எத்தனை ஆண்டு காலர் ட்யூன் இதைச் சாதித்திருக்கும்?

பயிற்சியின் பலன்

சரி, பயிற்சி கொடுத்தால் மனிதர்கள் ஏமாறாமல் இருப்பார்களா? அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ மருத்துவ அமைப்பில் 19,500க்கும் மேற்பட்ட ஊழியர்களிடம் எட்டு மாதம் ஆய்வு நடத்தினார்கள். போலி மின்னஞ்சல்களை அனுப்பி யார் ஏமாறுகிறார்கள் என்று பார்த்தார்கள். பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இருந்த வித்தியாசம் 1.7 சதவீதம் மட்டுமே. ஆய்வு முடிவதற்குள் பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஒருமுறையாவது போலி லிங்க்கை அழுத்தியிருந்தார்கள். சுவிட்சர்லாந்தின் சூரிச் இ.டி.எச். ஆய்வாளர்கள் 14,000க்கும் மேற்பட்ட ஊழியர்களை 15 மாதம் கவனித்து 2021இல் வெளியிட்ட முடிவும் இதையே சொன்னது: ஏமாந்தவுடன் பாடம் நடத்தும் வழக்கமான பயிற்சி அவர்களை உறுதியாக்கவில்லை.

இவர்கள் கணினியோடு நாளெல்லாம் வேலை செய்யும் சம்பளக்காரர்கள். பதற்றமில்லாத அலுவலகத்தில், கைது மிரட்டல் எதுவுமில்லாமல் வந்த மின்னஞ்சலில் இவர்களே இப்படி என்றால், பூட்டிய அறையில் நடுங்கிக்கொண்டிருக்கும் எழுபது வயதுக்காரர் காலர் ட்யூனை நினைவுகூர்ந்து தப்பிக்க வேண்டும் என்று எப்படி எதிர்பார்க்கிறோம்? பயனாளர் எதிரி அல்ல என்பதை ஆன் ஆடம்ஸ், ஆஞ்செலா சாஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1999லேயே எழுதிவிட்டார்கள். மனிதரால் கடைப்பிடிக்க முடியாத விதிகளை வகுத்துவிட்டு, கடைப்பிடிக்கவில்லை என்று குறை சொல்லக் கூடாது என்பதே அவர்கள் வாதம்.

கடைப்பிடிக்க முடியாதபடி செய்வதில் வங்கிகளுக்கும் பங்குண்டு. ‘லிங்க்கைத் தொடாதே’ என்று எச்சரிக்கும் வங்கியிலிருந்தே ‘கேஒய்சி புதுப்பிக்க இங்கே அழுத்தவும்’ என்று சுருக்கப்பட்ட லிங்க்குடன் குறுஞ்செய்தி வருகிறது. ‘விவரங்களை யாரிடமும் சொல்லாதே’ என்கிறார்கள். கிரெடிட் கார்டு விற்க ஏதோ ஒரு பத்து இலக்க எண்ணிலிருந்து அழைத்து, ‘வெரிஃபிகேஷனுக்காக உங்கள் பிறந்த தேதி சொல்லுங்க’ என்றும் கேட்கிறார்கள். அசலும் போலியும் ஒரே முகத்தோடு வந்தால் பார்ப்பவர் என்ன செய்வார்? எல்லா வங்கிகளும் ‘பேங்க்.இன்’ என்று முடியும் இணைய முகவரிக்கு 2025 அக்டோபர் 31க்குள் மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது சரியான திசையில் வைத்த அடி. அசலை அடையாளம் காட்டும் கடமை அசலானவருக்கே உண்டு.

‘திருப்பிக் கொடுத்தால் கவனம் போய்விடும்’

என் நிலைப்பாட்டுக்கு எதிராக வைக்கப்படும் வலுவான வாதம் இது. இழப்பை வங்கி ஏற்கும் என்றால் மக்கள் அசட்டையாகிவிடுவார்கள், வங்கிகள் தாங்காது என்கிறார்கள். இந்த வாதத்தை வரலாறு ஏற்கெனவே சோதித்துவிட்டது.

ஏடிஎம் புதிதாக வந்த காலம். அமெரிக்காவில் 1980இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று, வாடிக்கையாளரின் வார்த்தைக்கும் வங்கி இயந்திரத்தின் பதிவுக்கும் இடையே வாடிக்கையாளரை நம்பியது. ‘நான் எடுக்கவில்லை’ என்று அவர் சொன்னால் எடுத்தார் என்று நிரூபிக்க வேண்டியது வங்கி என்று அங்கே சட்டமும் அமைந்தது. பிரிட்டனில் தலைகீழ். எங்கள் இயந்திரம் தவறு செய்யாது, நீங்கள்தான் பொய் சொல்கிறீர்கள் என்று வங்கிகள் சாதித்தன. தன் கணக்கில் எடுக்காத பணம் கழிந்திருப்பதாகப் புகார் கொடுத்த ஒரு போலீஸ்காரர்மீதே மோசடி வழக்குப் போட்டு 1994இல் தண்டனையும் வாங்கித் தந்தார்கள். 1996இல்தான் மேல்முறையீட்டில் அவர் விடுதலையானார். இரண்டு நாடுகளையும் ஒப்பிட்ட கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ராஸ் ஆண்டர்சன் 2001இல் எழுதிய கட்டுரையில் சொன்னது இது: புகார்களை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள் என்று தெரிந்ததும் பிரிட்டிஷ் வங்கி ஊழியர்களிடம் அசட்டை வளர்ந்தது, மோசடி பெருகியது. பொறுப்பை ஏற்ற அமெரிக்க வங்கிகள் திவாலாகவில்லை. அசட்டை வந்தது பணத்தைத் திரும்பப் பெற்றவர்களுக்கு அல்ல, பணம் கொடுக்க வேண்டியிராதவர்களுக்கு.

பிரிட்டன் பாடம் கற்றது. 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டு வாடிக்கையாளர் தானாகவே அனுப்பிய பணத்தையும் 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும். அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் பாதிப் பாதி ஏற்க வேண்டும். இந்தப் பாதிக் கணக்கில்தான் சூட்சுமம் இருக்கிறது. வாடகைக் கணக்கைத் திறந்துவிட்ட வங்கிக்கு முதன்முறையாகக் கை சுடுகிறது.

இந்தியாவில்? 2017 ஜூலை 6 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை நல்ல தொடக்கம். வாடிக்கையாளர் அனுமதியில்லாமல் நடந்த பரிமாற்றத்தில் அவர்மீது தவறு இருக்கிறது என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கிக்கே என்று அது தெளிவாகச் சொல்கிறது. வாடிக்கையாளரோ வங்கியோ காரணமாக இல்லாத ஊடுருவலை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் அவர் பைசா இழக்க வேண்டியதில்லை. அஸ்ஸாமைச் சேர்ந்த ஒரு வாடிக்கையாளருக்கு ரூ.94,204 திருப்பித் தர வேண்டும் என்ற தீர்ப்பை 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தபோது, நவீனத் தொழில்நுட்பத்தை வைத்திருக்கும் வங்கி பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது என்றது. ஆனால், அதே சுற்றறிக்கையில் ஒரு வாசகம் உண்டு: ரகசிய விவரத்தைப் பகிர்ந்தது போன்ற அலட்சியம் வாடிக்கையாளருடையது என்றால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஏற்பட்ட முழு இழப்பும் அவருடையதே. மிரட்டி வாங்கிய ஓடிபிக்கும், மிரட்டலுக்குப் பயந்து தானே அனுப்பிய பணத்துக்கும் இந்தச் சட்டகத்தில் நிவாரணம் கிடைப்பதில்லை. ‘விழிப்புணர்வு’ என்ற சொல் பேச்சிலிருந்து சட்டத்துக்குள் நுழைந்து சாமானியரின் பணத்தை விழுங்கும் இடம் இதுதான்.

தரவுப் பாதுகாப்பிலும் இதே சாய்வு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு, அலட்சியத்தால் தரவைக் கசியவிட்ட நிறுவனத்திடமிருந்து பாதிக்கப்பட்டவர் இழப்பீடு பெற வழிசெய்தது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பிரிவை நீக்குகிறது. நிறுவனங்களுக்கு ரூ.250 கோடி வரை அபராதம் உண்டு; அது இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும், தரவை இழந்தவருக்குப் போகாது. பொய்ப் புகார் போன்ற கடமை மீறல்களுக்காகத் தனிமனிதருக்கு ரூ.10,000 வரை அபராதம் விதிக்கவும் அதே சட்டம் இடம் தருகிறது. இழப்பீடு கேட்கும் உரிமை போய், அபராதம் கட்டும் கடமை வருகிறது.

கேட்க வேண்டியவை

எனக்குத் தெரிந்து சைபர் பாதுகாப்புக்கு ஒரே ஒரு நேர்மையான பொருள்தான் உண்டு: திருத்தும் சக்தி யாரிடம் இருக்கிறதோ, இழப்பின் சுமையும் அவரிடம் இருக்க வேண்டும். அந்தப் பொருளில் கேட்க வேண்டியவற்றைக் கேட்போம். மோசடிப் பணத்தைப் பெற்ற கணக்கைத் திறந்த வங்கி இழப்பில் பாதியை ஏற்க வேண்டும். ஒவ்வொரு வங்கியிலும் எத்தனை வாடகைக் கணக்குகள் பிடிபட்டன என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். மூத்த குடிமக்கள் புதிய கணக்குக்குப் பெருந்தொகை அனுப்பினால் ஒரு நாள் நிறுத்திவைத்து, அவர்கள் முன்பே குறித்துக்கொடுத்த உறவினரிடம் உறுதிசெய்யும் வசதி வேண்டும். தரவு கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்கே இழப்பீடு கிடைக்க வேண்டும். டிஜிட்டல் அரெஸ்ட் வழக்குகளை 2025 டிசம்பரில் சிபிஐயிடம் ஒப்படைத்த உச்ச நீதிமன்றம், வாடகைக் கணக்குகளில் வங்கி அதிகாரிகளுக்குப் பங்கு உண்டா என்று ஊழல் தடுப்புச் சட்டத்தின் கீழ் விசாரிக்கவும் அனுமதித்திருக்கிறது. ஆக, இவை நடக்காத காரியங்கள் இல்லை.

பணத்தை இழந்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வெட்கப்படாதீர்கள். உங்கள் மௌனம்தான் இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய லாபம். போலீசில் புகார் கொடுப்பதோடு நிறுத்தாமல் வங்கிக்கு எழுத்தில் கேளுங்கள்: பணம் போன கணக்கு எந்த வங்கியுடையது, என் புகார் கிடைத்து எத்தனை நிமிடத்தில் நிறுத்தச் சொன்னீர்கள், என் அலட்சியம் என்பதற்கு உங்களிடம் என்ன சான்று? முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போங்கள். நுகர்வோர் ஆணையத்துக்கும் போங்கள். நிரூபிக்கும் கடமை வங்கிக்கு என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. ஒவ்வொருவரும் அந்த ஒரு வரியைச் சுட்டிக்காட்டி எழுதத் தொடங்கினால், வங்கிகள் நமக்குப் பாடம் நடத்துவதைக் குறைத்துக்கொண்டு தம் கணக்குகளைப் பார்க்கத் தொடங்கும்.